கேமரா பாயின் நோட்டில் எங்கள் வீட்டுப் பக்கம்

கேமரா பாய் இறந்துவிட்ட செய்தி எனக்கு துபாயிலிருந்து வந்தது. அவர் இருந்த அறை எங்கள் தெருவிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம்தான். ஆனாலும் அப்பா போனில் சொல்லித்தான் தெரிந்தது. "உங்க பாய் போயிட்டாராம்மா. நெஞ்சுவலி. நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்களாம்" என்றவர் மூச்சு விடாமல் தொடர்ந்தார். "வியாழக்கிழமை கேமராக் கடையிலேர்ந்து வேற ஆள் வரான். ஒரு மாசமா எனக்குப் படமே வரல. என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்காம போகாதேன்னு சொல்லியிருக்கேன்."

அந்தக் கோளாறைச் செய்தது நான். அது தெரிந்த இன்னொருவர் பாய் மட்டும்தான்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மா தூங்கிய பிறகு அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுவதால், உங்களிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பேன் என்று தெரியவில்லை. செங்கம் ரோட்டு லாட்ஜ்களில், நகைக்கடைகளில், உங்கள் வீட்டு மாடிகளில் அவர் கேமரா மாட்ட ஏணி போட்டிருப்பார். ஏணியில் ஏறும்போது செருப்பைக் கழற்றி ஒன்றோடொன்று ஒட்டி வைப்பாரே, அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பூட்டை உடைத்துத் திருடிய பிறகு, அப்பா அங்கிருந்தே ஏற்பாடு செய்து நான்கு கேமராக்கள் வைக்கச் சொன்னார். பாய் வந்து ஒயர் இழுத்தார். திரையில் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு பெயர் எழுத வேண்டும். கிழக்கே பார்த்த வாசலுக்கு இந்திரன், பின்பக்கத்துக்கு வருணன், வடக்குச் சந்துக்குக் குபேரன் என்று எழுதினார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பாய், நீங்க கிரிவலம் போயிருக்கீங்களா?"

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி போறேன் தங்கச்சி. ஏணியோட. அங்க கேமரா எதாச்சும் படுத்துக்கும். இந்த ஊர்ல லெஃப்ட், ரைட்டுன்னா ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவாங்க. மலையைச் சுத்தி எட்டுத் திசைக்கும் இருக்கற லிங்கத்தைச் சொல்லுங்க, ஆட்டோக்காரருக்குக்கூட திசை தப்பாது."

நான்காவது கேமரா ஹாலுக்குள், தெற்கு மூலையில். அதற்கு எமன் என்று எழுதினார். நான் முகத்தைச் சுளித்தேன் போலிருக்கிறது. "பயப்படாத பாப்பா. எமனே காவலுக்கு நிக்கறாருன்னா வேற எவன் வருவான்?" என்றார். அன்று நானும் சிரித்தேன்.

பிறகு கேமராப் படங்களைச் சேர்க்கும் பதிவுப் பெட்டிக்கு ஐ.பி. அட்ரஸ், அதாவது வீட்டு நெட்டில் அதை அடையாளம் காட்டும் எண், கொடுக்க உட்கார்ந்தார். சும்மா விட்டால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் பெட்டியின் அட்ரஸ் மாறிவிடும், துபாயில் அப்பாவின் போனுக்குப் படம் போகாது, அதனால் ஒரே அட்ரஸில் நிறுத்த வேண்டும் என்றார். அதன் கடைசி எண்ணை அவர் தானாக வைப்பதில்லை. வீட்டில் யாரையாவது கேட்பார். "மறக்காத நம்பரா ஒன்னு சொல்லு பாப்பா." வகுப்பு வருகைப் பதிவேட்டில் என் எண் முப்பத்தேழு. அதையே வைத்தார். வெள்ளை டேப்பில் பேனாவால் எழுதிப் பெட்டிக்கு அடியில் ஒட்டினார்.

"இந்த முப்பத்தேழை வீட்ல வேற எதுக்கும் குடுத்துடாத. ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர் இருந்தா போஸ்ட்மேன் இன்னா பண்ணுவாரு? அங்க கொஞ்ச நேரம், இங்க கொஞ்ச நேரம் அலைஞ்சிட்டு வீட்டுக்குப் போயிடுவாரு."

உங்கள் வீட்டிலும் இதைச் சொல்லியிருப்பார். நான் அதை வேறு மாதிரி நினைவில் வைத்துக்கொண்டேன்.

படம் போக ஆரம்பித்த முதல் வாரம் அப்பா சந்தோஷமாகத்தான் இருந்தார். அப்புறம் தினமும் கேள்வி. "நாலு மணிக்கு ஹால்ல யாரு, சிவப்புப் புடவை?"

"பக்கத்து வீட்டு அக்காப்பா. மாவு வாங்க வந்தாங்க."

"மாவு வாங்க உள்ள எதுக்கு வரணும்? வாசல்ல நிக்க முடியாதா? உங்கம்மாவுக்கு என்ன அவ்ளோ பேச்சு, அரை மணி நேரம்?"

அந்த அக்கா வருவதை நிறுத்திக்கொண்டார். என்னோடு படிக்கும் வளர்மதி, "உங்க அப்பா டிவில நான் நடிக்க மாட்டேன்டி" என்று வாசலோடு திரும்பிப் போனாள். மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தாள். அம்மா ஹாலுக்கு வருவதே இல்லை. சமையலறையில் கேமரா கிடையாது. மாலை முழுவதும் அங்கேயே இருந்தாள். மேடைமேல் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டாள். நான் ஹாலில் டிவியைப் போட்டு, யாருமில்லாத நாற்காலிகளோடு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்ததும் எங்கள் பழைய கம்ப்யூட்டருக்கும் அதே முப்பத்தேழைக் கொடுத்தேன். பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டேன். படம் அப்பாவுக்குக் கொஞ்ச நேரம் போனது, கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போகவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். கேமரா வைப்பதற்கு முன், சென்ற விடுமுறையில் அப்பா வந்திருந்தபோது, ஏதோ ஒரு போன் வந்ததற்காக அம்மாவின் செல்போனைச் சுவரில் அடித்து உடைத்தார். அது சிதறிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. படம் நின்ற பிறகும் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்ததால் அம்மா சமையலறையிலேயே நின்று சாப்பிட்டாள். நான் செய்தது அவளுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. அது எனக்கு அப்போது புரியவில்லை.

அப்பா கூப்பிட்டு பாய் வந்தார். பெட்டியைப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ திறந்தார். அதில் முப்பத்தேழு இருந்தது.

"பாப்பா, இதை யாரு ஓட்டறது?"

"நான்தான்."

சமையலறைப் பக்கம் திரும்பினார். அம்மா தட்டோடு நின்றிருந்தாள். "அம்மா ஏன் நின்னுக்கிட்டே சாப்பிடறாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். தெற்கு மூலையைப் பார்த்தேன். அவரும் நிமிர்ந்து பார்த்தார். தான் ஏணி போட்டு மாட்டியதைத் தானே முதல்முறை பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார்.

பிறகு அப்பாவுக்குப் போன் போட்டார். "சார், லைன் சரியில்ல சார். இங்க கரண்ட் வேற நாளைக்கு நாலு தடவை போகுது. கொஞ்சம் டைம் ஆகும்." வைத்துவிட்டு என்னிடம், "பொய் சொல்லிப் பழக்கமில்ல பாப்பா. இன்னைக்கு ஒன்னு சொல்லிட்டேன். ஜாஸ்தி நாள் தாங்காது. நீதான் ஒரு நாள் அப்பாகிட்ட பேசணும்" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது இன்னொன்றும் சொன்னார்: "கேமரா திருடனுக்கு வைக்கறது. வீட்ல இருக்கறவங்களுக்கு இல்ல."

எதையாவது பேச வேண்டும் என்று, "உங்க வீட்ல எத்தனை கேமரா பாய்?" என்று கேட்டேன்.

சிரித்தார். "என் வீட்லயா? நான் ஒருத்தன்தானே பாப்பா. வாசல்ல யாராச்சும் வந்து நின்னா, திருடனா இருந்தாலும் டீ போட்டுக் குடுப்பேன்."

நான் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி.

வியாழக்கிழமை வந்தவருக்கு அப்பா வயது இருக்கும். பௌர்ணமிக் கூட்டத்தில் இரண்டு நாள் அலைந்த களைப்பில் எரிச்சலாக இருந்தார். பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு பக்கம் வீதம் பாய் எழுதி வைத்திருந்தார். எங்கள் பக்கத்தைப் புரட்டி வந்தவர் சத்தமாகப் படித்தார்.

"இந்திரன், வருணன், குபேரன், எமன். சரிதான், இந்த மனுஷன் வீடு வீடா கோயில் கட்டிட்டுப் போயிருக்காரு. பெட்டி முப்பத்தேழு. கீழ இன்னா எழுதியிருக்கு... 'படம் நின்னா முதல்ல வீட்டுப் பொண்ணைக் கேக்கணும். கேக்காம பெட்டியைத் தொடக் கூடாது.'" நோட்டை மூடாமல் என்னைப் பார்த்தார். "நீதானா அது? உன்ன இன்னா கேக்கணும்மா?"

எங்கள் வீட்டில் கேமரா வைப்பதைப் பற்றி என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை, முப்பத்தேழைத் தவிர.

"கம்ப்யூட்டர் நம்பரை மாத்திடுங்க, படம் போகும். வாசல், சந்து, பின்பக்கம் இருக்கட்டும். ஹால்ல இருக்கறதைக் கழட்டிடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன்.

"உங்கப்பா கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்."

அவர் நோட்டை இன்னொருமுறை பார்த்தார். பிறகு ஏணியை விரித்தார்.

மாலையில் அப்பா கூப்பிடும் முன்பே நான் கூப்பிட்டேன். "ஹால் கேமராவை நான்தான்ப்பா எடுக்கச் சொன்னேன். ஒரு மாசமா படம் வராததும் நான் பண்ணதுதான். அம்மாவுக்குத் தெரியாது. அம்மா ஹால்ல உக்காந்து சாப்பிடணும்ப்பா." "லீவுல வரேன், பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். எப்படிப் பேசுவார் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

பாய், உங்கள் அடக்கத்துக்கு வர முடியவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெட்டிக்கு அடியிலிருந்த வெள்ளை டேப்பை உரித்து இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பெட்டிக்கு அது இனி வேண்டாம், அதன் எண் எனக்கு மறக்காது. உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதையும், 'கேக்காம தொடக் கூடாது' என்ற அந்த வரியையும்.

இன்று இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா தட்டோடு சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். தெற்கு மூலையில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.