வைவாவில் ஒரு கேரண்டி

பேனரைப் பார்த்து நான் பயந்ததே இல்லை. போன வெள்ளிக்கிழமை பயந்தேன்.

ராயபுரத்தில் ஒரு கல்லூரி. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு டிஜிட்டல் பேனர். நடுவில் பட்டமளிப்பு அங்கியோடு ஒரு பெண். முகம் அவருடையது, அங்கி கம்ப்யூட்டர் சென்டர்காரரின் உபயம். சுற்றிலும் கூலிங்கிளாஸ், முறுக்கு மீசை, கும்பிட்ட கை என்று சொந்தபந்தங்களின் தலைகள். மேலே கொட்டை எழுத்தில் - 'டாக்டர் பட்டம் பெற்ற எங்கள் காலடிப்பேட்டையின் தங்கம் அமுதாவை வாழ்த்துகிறோம்!'

வாழ்த்தட்டும். சந்தோஷம். ஆனால் அந்தப் பட்டத்துக்கான வைவாவே - அதாவது வாய்மொழித் தேர்வே - இனிமேல்தான் ஆரம்பம்!

அமுதாவின் கைடு பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். பேனர் கட்டியவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "கழட்டுப்பா, எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வர்ற நேரம்."

அவன் அசரவில்லை. "இன்னா சார், அக்கா எப்பிடியும் பட்டம் வாங்கத்தானே போவுது? இப்ப அவுத்து அப்பால மறுபடி கட்டணுமா? பேஜாரு சார்!" பையன் பெயர் செல்வம். அமுதாவின் தம்பி. சொந்தமாக வேன் ஓட்டுகிறான். மொத்தக் குடும்பத்தையும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து அழைத்து வந்தவனும் அவன்தான்.

கடைசியில் ஒரு சமரசம். பேனரைத் திருப்பிக் கட்டினார்கள். ரோட்டைப் பார்த்து வெறும் வெள்ளை முதுகு.

நான் எதற்கு அங்கே போனேன்? நீங்கள்தான் காரணம். சில வாரங்களுக்கு முன் இதே இடத்தில் சிபாரிசைக் கிழி கிழி என்று கிழித்திருந்தேன் அல்லவா... 'தகுதியைப் பார்க்காமல் தாய்மாமனைப் பார்க்கும் நாடு உருப்படுமா' என்றெல்லாம்? பாராட்டி நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஒரே ஒரு பெண் மட்டும் பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டார்.

"சார், பாதிதான் எழுதியிருக்கீங்க. மீதி என் தீசிஸ்ல இருக்கு. வெள்ளிக்கிழமை வைவா. வர்றீங்களா?"

கேட்ட விதத்தில் ஒரு மிரட்டல் இருந்தது. போய்விட்டேன்.

அமுதா ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக் கொடுக்கிறார். வேலை பார்த்துக்கொண்டே பி.எச்டி. எண்ணூர், மணலிப் பக்கத் தொழிற்சாலைகளில் வருஷத்துக்கு ஒரு தடவை மெஷின்களை நிறுத்திவிட்டு ரிப்பேர் பார்ப்பார்கள். 'ஷட்டவுன்' என்று பெயர். அந்தச் சமயத்தில் கூட்டம் கூட்டமாக ஆள் எடுப்பார்கள். யாரை எடுப்பார்கள்? மேஸ்திரி யாரைக் கூட்டி வந்து கேட்டில் நிறுத்தி "நான் கேரண்டி" என்று சொல்கிறாரோ அவரை. அந்தக் 'கேரண்டி' எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அமுதாவின் ஆராய்ச்சி. அது வெறும் சிபாரிசு இல்லை, அதில் ஒரு பொறுப்பு இருக்கிறது என்பது அவர் கட்சி.

செமினார் ஹால் நிரம்பி வழிந்தது. சாதாரணமாக ஒரு பொருளாதார வைவாவுக்கு எத்தனை பேர் வருவார்கள்? கைடு, எக்ஸ்டர்னல், நாலைந்து மாணவர்கள், டீ கொண்டு வருகிறவர். இங்கேயோ பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக ஒரு கல்யாண வீடே உட்கார்ந்திருந்தது. பொது வைவா என்றால் பொதுமக்கள் யாரும் வரலாம் என்பது விதி. அந்த விதியை இவ்வளவு மனப்பூர்வமாக மதித்தவர்களை நான் பார்த்ததில்லை.

முதல் வரிசையில் அமுதாவின் அம்மா மல்லிகா. கடைசி வரிசையில், கதவோரம், வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு ஆஜானுபாகு. அவர் அமுதாவின் தாய்மாமா கஜேந்திரன். கஜா மேஸ்திரி என்றால் எண்ணூர் வரைக்கும் தெரியுமாம். ஆராய்ச்சிக்காக அமுதாவைத் தொழிற்சாலை கேட்டு கேட்டாக அழைத்துப் போனவர் அவர்தான்.

'அண்ணன் பின்னால், தங்கை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்களே' என்று பக்கத்தில் நின்ற செல்வத்திடம் கேட்டேன்.

"வேன்லயும் அப்பிடித்தான் சார். அம்மா மாமாவாண்ட பேசி வருசக்கணக்கா ஆவுது" என்றான். ஏன் என்று கேட்டேன். "எல்லாம் என்னாலதான்" என்று சிரித்தான். அதற்குள் எக்ஸ்டர்னல் வந்துவிட்டார்.

கோயமுத்தூர்க்காரர். ஒல்லி. குரல் உயராது. சில பேர் சத்தமே போடாமல் தோலை உரிப்பார்களே, அந்த ஜாதி.

அமுதா புரொஜெக்டரில் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். சொந்தங்கள் ஒரு வார்த்தை இங்கிலீஷ் புரியாமல், ஒவ்வொரு ஷீட் மாறும்போதும் கை தட்டினார்கள். கைடு ஒவ்வொரு கைதட்டலுக்கும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு எக்ஸ்டர்னல் ஆரம்பித்தார். (இங்கிலீஷில்தான். நான் தமிழில் சொல்கிறேன்.)

"மேஸ்திரி தன் ஆளுக்கு கேரண்டி தருகிறார், அது பொறுப்பு என்கிறீர்கள். நான் அது பாசம் என்கிறேன். சொந்தக்காரனைச் சேர்த்துவிட்டு 'பொறுப்பு' என்று பெயர் வைத்தால் ஆயிற்றா? இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்த்தீர்கள்?"

அமுதா ஏதோ ஒரு டேபிளைக் காட்டினார்.

"அது மேஸ்திரிகள் சேர்த்துவிட்ட ஆட்களின் கணக்கு. நான் கேட்டதற்குப் பதில் இல்லை."

வேறு ஒரு ஷீட்டைத் தேடினார். ஷீட் கீழே விழுந்தது.

"இதற்குப் பதில் இல்லையென்றால்..." என்று தீசிஸை மூடி வைத்தார் எக்ஸ்டர்னல், "இந்த ஆய்வு எதன் மேல் நிற்கிறது?"

எத்தனை வருஷ உழைப்பு! வாசலில் பேனர், காலடிப்பேட்டையில் விருந்துக்குப் பிரியாணி... கடவுளே, இந்தப் பெண் தெருவில் எப்படித் திரும்ப நடக்கும்?

இந்த மாதிரி இக்கட்டுக்கு ஆராய்ச்சி உலகில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. வெளியே சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். இரண்டு எம்.பில். பிள்ளைகளிடம் முந்தின நாளே சுலபமான கேள்விகளைக் கொடுத்து வைத்திருப்பார்கள். 'மேடம், உங்கள் ஆய்வினால் சமூகத்துக்கு என்ன பயன்?' என்கிற ரகம். கைடு அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, அவசர அவசரமாக மைக்கைப் பிடித்தார். எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழில் வேறு கேட்டார்.

"பொதுமக்களில் யாராவது அமுதாவைப் பற்றி... அதாவது ஆய்வைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

எம்.பில். பிள்ளை பாதி எழுந்தது. அதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம்.

கஜா மாமா எழுந்து நின்றார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். ஹாலின் நடுவே நடந்து எக்ஸ்டர்னல் முன்னால் போய் நின்றார், தொழிற்சாலை கேட்டில் என்ஜினியர் முன்னால் நிற்பதுபோல.

"வணக்கம் சார். நான் கஜேந்திரன், மேஸ்திரி. இந்தப் பொண்ணு என் தங்கச்சி பொண்ணு. நீங்க ஒண்ணும் ரோசனை பண்ணாத சேத்துக்கங்க. இதுக்கு நான் கேரண்டி. நாளைக்கு இதால எதுனா ஒரு கம்ப்ளைண்ட் வந்துச்சுன்னு வெச்சுக்கங்க... நேரா என்னாண்ட வாங்க."

அவ்வளவுதான். ஹால் வெடித்தது. மாணவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். கைடு மாத்திரையைத் தேடினார். பாவம் கஜா மாமா... அவர் வாழ்க்கையில் பார்த்த இன்டர்வியூ எல்லாம் அப்படித்தான். உள்ளே நிற்கிற பிள்ளை தடுமாறினால், கூட்டி வந்தவர் முன்னால் போக வேண்டும். போனார். இதில் என்ன தப்பு?

எக்ஸ்டர்னல் சிரிக்கவில்லை. அமுதாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், இந்தத் தடவை தமிழில். "பார்த்தீங்களா அம்மணி? இதைத்தானுங்க நான் சொல்றேன். மாமன் சொல்லாம வேற யாரு சொல்லுவா? இது பாசமுங்க."

அமுதா தன் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் வரிசையில் இருந்த அம்மாவை. பிறகு கதவோரம் நின்ற தம்பியை. ஏதோ கேட்க நினைக்கிறார், வாய் வரவில்லை என்பது எனக்கே தெரிந்தது. செல்வம் வேன் சாவியை விரலில் சுற்றுவதை நிறுத்தினான்.

"கேளுக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. கேளு."

அமுதா கேட்டார். காலடிப்பேட்டைப் பேச்சிலேயே.

"மாமா, அன்னிக்கு அம்மா உன் வூட்டாண்ட வந்து நின்னுச்சே... நம்ம செல்வத்த கம்பெனில சேத்துவுடுன்னு. நீ சேத்தியா?"

கஜா மாமாவின் முகம் சட்டென்று சுருங்கியது. "இத்த ஏம்மா இங்க..."

"சொல்லு மாமா."

"சேக்கல."

"ஏன்?"

அவர் தங்கை பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார். "அவன் அப்ப சரியில்ல. ரெண்டு நாள் போவான், நாலு நாள் தோஸ்துங்களோட பீச்சாண்ட கிரிக்கெட்டு. நான் இட்டுகினு போயி, நான் கேரண்டின்னு நிறுத்தி, அவன் பாதில கம்பி நீட்டிட்டான்னா? அடுத்த ஷட்டவுனுக்கு என் பின்னாடி நிக்கிற பசங்க அத்தினி பேரையும் கம்பெனிக்காரன் கேட்டாண்டயே தொரத்திடுவான். என் தங்கச்சி புள்ளைக்காவ ஊரான் வூட்டுப் புள்ளைங்க சோத்துல மண்ணப் போட முடியுமா? மல்லிகா அழுதுகினே போச்சு. அன்னிலேர்ந்து என் மூஞ்சில முழிக்கல. நான் இன்னா பண்றது?"

யாரும் சிரிக்கவில்லை. மல்லிகா அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அமுதா எக்ஸ்டர்னலிடம் திரும்பினார். இந்தத் தடவை ஷீட் எதையும் தேடவில்லை. "பாசம்னா முதல்ல என் தம்பிக்குத்தான் கேரண்டி சொல்லியிருக்கணும் சார். யாருக்குச் சொன்னாங்கன்னு பார்த்தா பாசமும் பொறுப்பும் ஒண்ணு போலத்தான் தெரியும். யாருக்குச் சொல்ல மாட்டேன்னாங்கன்னு பார்த்தாத்தான் பிரியும். அந்தக் கேள்வியை நான் ஒரு மேஸ்திரிகிட்டயும் கேட்கலை. கேட்டிருந்தா எங்க மாமாகிட்டயும் கேட்கணும். அம்மா மனசு கஷ்டப்படும்னு விட்டுட்டேன்."

எக்ஸ்டர்னல் கஜா மாமாவிடம் கேட்டார். "அப்ப இந்தப் பொண்ணுக்கு மட்டும் எப்படிங்க தர்றீங்க?"

"மழைன்னு பாக்கல, வெயில்னு பாக்கல சார். கம்பெனி கேட்டு கேட்டா என் பின்னாடி வந்துச்சு. ஒரு நாள் மட்டம் போட்டதில்ல. இதுக்குச் சொல்லாத வேற எவனுக்குச் சொல்றது?"

எக்ஸ்டர்னல் மூடி வைத்த தீசிஸை மறுபடி திறந்தார். "ஒரே ஒரு ஆளை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாதுங்க அம்மணி. கடைசி அத்தியாயத்துல இந்தக் குறையை ஒளிக்காம எழுதிச் சேருங்க. ஆனா எந்தக் கேள்வியைக் கேட்காம விட்டோம்னு தெரிஞ்சவங்களுக்குப் பட்டம் கொடுக்கலாம். சிபாரிசு பண்றேன்."

அந்த வார்த்தையை அவர் சொன்னதும் விசில் பறந்தது. ஆமாம், செமினார் ஹாலில்! செல்வம் வாசலுக்கு ஓடினான் - பேனரைத் திருப்ப.

வைவா முடிந்ததும் எல்லோரும் வேன் பக்கம் நகர்ந்தார்கள். எக்ஸ்டர்னலையும் விடவில்லை. பிரியாணி சாப்பிடாமல் கோயமுத்தூர் ரயில் ஏற முடியாது என்று கட்டளை. மல்லிகா அம்மா ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். கஜா மாமா வழக்கம்போலப் பின்கதவுப் பக்கம் போனார்.

"ண்ணா."

அவர் நின்றுவிட்டார்.

"இத்த அன்னிக்கே எனக்குச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

மல்லிகா அம்மா யோசித்தார். "கேட்டிருக்க மாட்டேன்" என்றார். ஆனால் டிரைவர் பக்கம் நகர்ந்து இடம் விட்டார். அண்ணன் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கில் இருந்த செல்வம் ரியர்வியூ கண்ணாடியைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

என் பழைய கட்டுரையை நான் வாபஸ் வாங்கவில்லை. தகுதியில்லாதவனைத் தள்ளிவிடும் சிபாரிசு இன்றைக்கும் எனக்கு ஆகாது. ஆனால் அமுதா சொன்னதுபோல அது பாதிதான். 'முடியாது' என்று சொல்லத் தெரிந்த ஒருவர் 'சரி' என்று சொன்னால், அந்த 'சரி'யை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வேன். அவர் அதற்கு என்ன விலை கொடுத்திருக்கிறார் என்று போன வெள்ளிக்கிழமைதான் பார்த்தேன்.

வேன் கிளம்பும்போது ஜன்னலோரம் போய் ஆசையாகக் கேட்டேன். "மேஸ்திரி, எனக்கும் ஒரு கேரண்டி குடுப்பீங்களா?"

கஜா மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார் இன்னா வேலை?"

"வாரா வாரம் பத்திரிகையில எழுதறேன்."

"டயத்துக்குக் குடுத்துடுவீங்களா?"

நான் லேசாக இருமினேன்.

"விசாரிச்சுட்டுச் சொல்றேன் சார்" என்றார்.

புண்ணியமாகப் போகும் - என் ஆசிரியரின் போன் நம்பரை யாரும் அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்!