தோசைக்கல் கியர்

அந்த மழைக்காலம் முழுக்க என் அத்தான் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நேருக்கு நேர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தாராவியில் அக்கா வீட்டுக்கு யார் வந்தாலும், டீ வருவதற்கு முன்பே, "நம்ம மாப்ள எனக்கு ஒரு காசெட் வாங்கித் தந்தான் பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர்களுக்குக் காசெட் என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள்.

பாட்டு கேட்கிற காசெட் இல்லை. கியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் சின்னதும் பெரியதுமாகப் பல்சக்கரங்கள் ஒன்றையொட்டி ஒன்று அடுக்கியிருக்குமே, அது. சமதரையில் வேகமாகப் போகச் சின்னப் பல்சக்கரம், மேடு ஏறப் பெரியது. செயின் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது சத்தமில்லாமல் தாவ வேண்டும், மிதிக்கும்போது வழுக்கக் கூடாது. அத்தானுடைய சைக்கிளில் வழுக்கியது. அதுதான் புகார்.

எனக்கு அது மானப் பிரச்சினை. நான் அம்பர்நாத்தில் ஒரு டூல்ரூமில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவன். வெர்னியரும் மைக்ரோமீட்டருமாகத்தான் என் பகல் போகிறது. ஒரு சாமானை நான் நல்லது என்று சொன்னால் அது நல்லதுதான். இது கர்வம் என்று என் மனைவி சொல்வாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

மலைப்பாதைக்கான அந்த சைக்கிளை நாங்கள் ஒன்றாகப் போய்த்தான் வாங்கினோம், ஆளுக்கொன்று. நான் செம்பூரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அத்தான் தாராவியிலிருந்து என் வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டு பேருமாக வாஷி பாலம் தாண்டி, நெருள் தாண்டி, அந்தப் பக்கத்து மலைச்சாலையில் ஏறுவோம். திரும்பும்போது நெருள் கோவில் பக்கத்தில் இட்லி. அத்தானுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, தேவ்நாரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், கட்டுமஸ்தான உடம்பு. பாதி மலையில் எனக்கு மூச்சு வாங்கி, காசெட்டிலேயே பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை ஏற்றிவிடுவேன். அதில் மிதித்தால் கால் சுற்றுமே தவிர சைக்கிள் நகருவது கண்ணுக்குத் தெரியாது. முன்னால் போகிற அத்தான் என் கால் சுற்றுவதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார்.

"என்ன மாப்ள, தோசைக்கல்லுக்குப் போயிட்டியா?"

அது அத்தனை பெரிதாக, தட்டையாக இருக்கும். அவர் வைத்த பெயர்தான். தன்னுடைய தோசைக்கல்லில் இதுவரை மாவே ஊற்றவில்லை என்று சக்கரத்தைத் தூக்கிக் காட்டிப் பீற்றிக்கொள்வார். உண்மையிலேயே அது கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி பளபளவென்று இருக்கும்.

பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் விழ ஆரம்பித்தது. மலை நின்றுபோனது. அத்தான் அந்த சைக்கிளிலேயே தினமும் தேவ்நாருக்கு வேலைக்குப் போய்வந்தார். ரயிலில் நசுங்குவதைவிட இது மேல் என்பார்.

பழைய காசெட் தேய்ந்தபோது புதியதைத் தேர்ந்தெடுத்தது நான்தான், அதை மறுக்கவில்லை. பல நாள் யோசித்தேன். சின்னப் பல்சக்கரங்கள் எல்லாம் இரும்பு. தினமும் மிதிபடுவது அவைதான், அதனால் கெட்டியாக இருக்க வேண்டும். தோசைக்கல் மட்டும் அலுமினியம், கனம் குறைக்க. அலுமினியம் சீக்கிரம் தேயும், ஆனால் அதை எப்போதாவது மேட்டில்தானே தொடப்போகிறோம்? ஆயுசுக்கும் வரும். பற்களின் பக்கவாட்டில் செயின் ஏறுவதற்கென்று வெட்டியிருந்த சின்னப் படிகளைப் பார்த்தபோதே எனக்குப் பிடித்துவிட்டது. செயினை மட்டும் காலாகாலத்தில் மாற்றிக்கொண்டிருந்தால் இது பல வருஷம் உழைக்கும் என்று அத்தானிடம் வாக்குக் கொடுத்தேன்.

காலாகாலத்தில் மாற்றவும் செய்தேன். மழை தொடங்குகிற சமயம் புதுச் செயின் போட்டுக் கொடுத்த அன்றிலிருந்துதான் வழுக்கல்.

"எந்த கியர்ல அத்தான் ஸ்லிப் ஆவுது?"

"எல்லாத்துலயுந்தான். அதுக்கெல்லாம் கணக்கா வச்சிருக்கேன்?"

சைக்கிளை அவரிடமிருந்து வாங்கி, தாராவியின் பெரிய சாலையான தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டினேன். நடு கியரில், சின்ன கியரில், நின்றுகொண்டு மிதித்து, குழியில் விட்டு எடுத்து, எப்படி ஓட்டியும் ஒரு பல்கூட வழுக்கவில்லை. திரும்பி வந்து சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் ஆவலியே அத்தான்."

"ஒனக்கு ஆவாது மாப்ள. நீ வாங்கினதுல்லா."

பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம் ஷிஃப்டர் கேபிளை மாற்றினேன். அதற்கடுத்த முறை, செயினைத் தள்ளிவிடுகிற டீரெய்லரின் கொக்கி வளைந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். எல்லாம் நேராக இருந்தது. வழுக்குகிறது என்று மறுபடியும் ஃபோன் வந்தது.

அக்கா இதை விடுவாளா? சாப்பாடு போடும்போதே ஆரம்பித்துவிட்டாள். "ஏல, அம்பர்நாத்துலயும் இப்படித்தான் சாமான் பாஸ் பண்ணுதியா? கம்பெனிக்காரன் பாவம்ல." அதோடு விடவில்லை. "ஒன் காசெட்ட நம்பி இவரு அரைமணி முன்னாடியே வேலைக்குக் கெளம்புதாரு. செரமம் யாருக்கு? எனக்கு. சோத்து டப்பா கட்ட நான்லா முன்னாடியே எந்திரிக்கேன்."

அத்தான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் சிரிக்காததை நான் கவனித்தேன். என் மேல் அவ்வளவு கோபமா என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் வெறுத்துப்போய் ஒரு யோசனை சொன்னேன். இந்த வம்பே வேண்டாம், முழுக்க இரும்பில் சின்ன காசெட் ஒன்று போடுகிறேன், தோசைக்கல்லே கிடையாது, தேயவே தேயாது, பம்பாயில் என்ன மலையா இருக்கிறது என்றேன். அத்தான் சட்டென்று நிமிர்ந்தார்.

"வேண்டாம் மாப்ள. பெருசு இருக்கட்டும்."

திரும்ப மலைக்குப் போகிற ஆசையை விடவில்லை போல என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டேன். காசெட்டைக் கழற்றி, ஒவ்வொரு பல்லாக அளந்து, அக்கா முன்னால் வைத்து, என் பெயரை மீட்டுக்கொண்டுதான் வருவது என்று கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு தாராவிக்குப் போனேன். அக்கா மேலே மாளாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பரண் மாதிரி தணிந்த அறை, உள்ளிருந்து இரும்பு ஏணி வைத்து ஏற வேண்டும். அத்தான் பால் பாக்கெட் வாங்க முக்குக் கடைக்குப் போயிருந்தார். நான் சந்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பின்சக்கரத்தைக் கழற்றினேன்.

துணியால் துடைத்ததும் முதலில் கண்ணில் பட்டது துரு. சின்னப் பல்சக்கரங்களில், செயின் உரச வேண்டிய இடத்தில், மழைத்துரு. பல் ஒவ்வொன்றும் வெட்டியது வெட்டியபடி, புதுசாக. வெர்னியர் வைக்கவே தேவையில்லை. நடுவில் இருப்பவையும் அப்படியே.

தோசைக்கல்லைத் துடைத்தேன். பற்கள் மெலிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அரிவாள் நுனி மாதிரி வளைந்திருந்தன. புதுச் செயின் அதில் உட்காராது. உட்கார்ந்தாலும் அழுத்தி மிதித்தால் வழுக்கும். நான் ஓட்டிப் பார்த்தபோது ஏன் வழுக்கவில்லை என்பதும் புரிந்தது. தொண்ணூறு அடி ரோட்டில் எவன் தோசைக்கல்லுக்குப் போவான்?

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதை ஏன் மறைக்க வேண்டும். காசெட் நல்ல காசெட், நான் ஜெயித்துவிட்டேன். அக்காவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வியை நானே திரும்பக் கேட்டுக்கொண்டேன். தாராவியிலிருந்து தேவ்நார்வரை, தட்டையான ரோட்டில், எவன் தோசைக்கல்லில் போவான்? அதுவும் இது இப்படித் தேய்கிற அளவுக்கு, தினமும்?

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அத்தான் சந்து முனையில் வந்துகொண்டிருந்தார். முக்குக் கடை எத்தனை தூரம் என்று எனக்குத் தெரியும். பாதியில் சுவரில் கைவைத்து நின்றார், யாரிடமோ பேசுவது போல. அங்கே யாரும் இல்லை. பிறகு வந்து படியில் உட்கார்ந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தோசைக்கல்லுக்குப் போயிட்டீங்களா அத்தான்?" என்றேன். கேலியாகத்தான் கேட்க நினைத்தேன்.

"மெள்ளப் பேசு. மேல இருக்கா."

"எப்பலருந்து?"

"மழைக்கு ரொம்ப முன்னாடியே." பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "மொதல்ல மேம்பாலம் ஏறதுக்கு மட்டுந்தான் போட்டேன். பொறவு எறங்கின பொறவும் மாத்த முடியல. மாத்தி மிதிச்சா நெஞ்சுக்குள்ள யாரோ கையவிட்டுப் பிடிக்க மாதிரி இருக்கு. அதுல போனா ஒண்ணும் செய்யாது. மெள்ள மெள்ள வீடு வந்து சேந்துருவேன். அது இல்லன்னா என்னால வீட்டுக்கு வர முடியாது மாப்ள."

அரைமணி முன்னால் கிளம்பியது இதற்குத்தான்.

"டாக்டர்ட்ட போனா என்ன?"

"போனா அவளுக்குத் தெரியும்லா." மேலே கண்ணைக் காட்டினார். "ஒங்கப்பாவுக்காக ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரி வராண்டாவுல கெடந்தா. இப்பத்தான் ராத்திரி முழுசாத் தூங்குதா. பக்கத்துல படுத்திருக்கவன், எனக்குத் தெரியும்லா. மறுபடியும் அவளக் கொண்டுபோயி அங்கன உக்கார வைக்கச் சொல்லுதியா? நீ புதுசு ஒண்ணு போட்டுத் தந்துரு. அது போதும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைச் சந்து சந்தாகத் திட்டிக்கொண்டு திரிந்த மனுஷன் இத்தனை நாளும் இதைத்தான் மூடி மறைத்துக்கொண்டிருந்தாரா? அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு சொன்னேன்.

"நாளைக்கு எங்கூட டாக்டர்ட்ட வாரீங்க. இல்லன்னா இப்பவே இதத் தூக்கிட்டு ஏணில ஏறி அக்காட்ட காட்டுதேன்."

அவர் பால் பாக்கெட்டை மடியில் திருப்பித் திருப்பி வைத்தார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார். அந்த நேரம் பார்த்து மேலிருந்து குரல் வந்தது.

"என்னல, தீர்ப்பு என்னாச்சு? சாமான் குத்தமா, ஆள் குத்தமா?"

பெயரை மீட்கத்தான் வந்தேன். சாட்சி என் கையில் இருந்தது.

"சாமான்தான்க்கா," என்றேன். "அலுமினியம் மட்டம். பாக்காம வாங்கிட்டேன்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒத்துக்கிட்டாம் பாத்தேளா! ஒத்துக்கிட்டாம்!" என்று மாளாவிலிருந்து தலையை நீட்டி அவரிடம் சொன்னாள். அப்பா படுத்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அத்தான் பாலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அதே மாதிரி காசெட் ஒன்று வாங்கிப் போட்டேன். மறுநாள் காலை, அக்காவுக்குச் சந்தேகம் வராமலிருக்க, அவர் டப்பாவை மாட்டிக்கொண்டு வழக்கம்போல சைக்கிளில்தான் கிளம்பினார். நான் மெயின் ரோட்டில் டாக்சியோடு காத்திருந்தேன். அந்தக் கொஞ்ச தூரத்தை அவர் ஓட்டிவருவதைப் பார்த்தேன். செயின் ஒவ்வொரு படியாக ஏறி, ஒரு சத்தமும் இல்லாமல் தோசைக்கல்லில் போய் உட்கார்ந்தது. அவ்வளவு சுத்தமான ஷிஃப்டிங்கை நான் எந்த சைக்கிளிலும் வைத்ததில்லை. கால்கள் படபடவென்று சுற்ற, நடந்துபோகிறவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். சைக்கிளை டீக்கடைக் கம்பத்தில் பூட்டிவிட்டு டாக்சியில் ஏறினோம்.

செம்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஈசிஜி எடுத்தார். எக்கோ எடுத்தார். அதற்குப் பிறகு அத்தானை எழுந்து நடக்கவே விடவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து லிஃப்ட் பக்கம் கொண்டுபோனார்கள். ஒயர்களுக்கு நடுவிலிருந்து என் கையைப் பிடித்து, "ஷிஃப்டிங் நல்லா இருந்துச்சு மாப்ள" என்றார். நர்ஸ் என்னிடம் வந்து, வீட்டிலிருந்து அவர் மனைவி உடனே வர வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

வராண்டாவில் நின்று ஃபோன் போட்டேன். அக்கா எடுத்தாள். பின்னால் குக்கர் சத்தம். வேலை நாளில் அந்த நேரத்தில் நான் கூப்பிட்டதே இல்லை, ஆனாலும் அவள் நேற்றைய சிரிப்பிலேயே இருந்தாள்.

"என்னல, புது காசெட்டும் சரியில்லையாக்கும்?"

என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"காசெட் நல்லாத்தான் இருக்குக்கா," என்றேன். "முந்தினதும் நல்லாத்தான் இருந்துச்சு."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், நிதானமாக, பழக்கப்பட்ட குரலில் கேட்டாள்.

"எந்த ஆஸ்பத்திரி?"