தரை எட்டும் சைக்கிள்

"படிச்சவங்கதான் டீச்சரம்மா நீங்க. ஆனா வளர்ற புள்ளைக்குச் சின்ன சைக்கிள் கேக்கறவங்கள இப்பத்தான் பாக்கறேன்."

மன்னார்குடியில் சைக்கிள் கடைக்காரர் இப்படிச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற அப்பா அவர் சொல்வதுதான் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பதினொரு வயது. ஐந்தாம் வகுப்பு முடிந்துவிட்டது. உயர்நிலைப் பள்ளி எங்கள் ஊரிலிருந்து நான்கு மைல். நான் அரசு விடுதியில் தங்கிப் படித்தேன். இவளையும் அப்படி அனுப்ப அம்மா ஒப்பவில்லை. சைக்கிள் இல்லாவிட்டால் ஜூன் மாதம் அவள் அம்மாவோடு குறுவை நடவுக்குப் போவாள்.

கடைக்காரர் இருபத்திரண்டு அங்குல வண்டி ஒன்றின் சீட்டைத் தட்டிக் காட்டினார். "இத எடுத்துக்குங்க. பெடல்ல மரக்கட்ட வச்சுக் கட்டித் தர்றேன். மூணு வருசத்துல கால் தானா எட்டிரும். கல்யாணம் ஆகற வரைக்கும் ஓட்டலாம்."

அப்பா ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் குழந்தைகளுக்கு எதையும் அளவாக வாங்குவதில்லை. சட்டையை முட்டி வரை தொங்கத் தைப்பார்கள். பாவாடையில் மூன்று மடிப்பு வைத்து, வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவார்கள். அண்ணனுக்கும் அப்படித்தான் அப்பா சைக்கிள் வாங்கினார். பெரிய ஆட்கள் ஓட்டும் இருபத்துநான்கு அங்குல பழைய வண்டி. அண்ணனுக்கு அப்போது பதினொரு வயது, எனக்கு ஒன்பது. பெடலுக்குக் கால் எட்டவில்லை. அப்பா வேப்பங்கட்டையைச் செதுக்கி, இரண்டு பெடலிலும் வைத்து, டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினார். கால் பெடலை எட்டியது. தரையை எட்டவில்லை. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

எங்கள் குடியிருப்பிலிருந்து தார் ரோட்டுக்குப் போக மிராசுதார்கள் தெரு ஒன்றுதான் வழி. அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது. முனையிலேயே இறங்கி, கடைசி வீடு தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஆட்சி மாறியிருந்தது; தெருமுனையில் கறுப்பு சிவப்புக் கொடி பறந்தது; மேடையில் எல்லோரும் சமம் என்று பேசினார்கள். அந்த வருடம்தான் எங்கள் ஆட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுவடையை நிறுத்தினார்கள். வயலோரம் போலீஸ் வேன் நின்றது. அப்படிப்பட்ட நேரத்தில் இறங்காமல் போனால் யார் வீட்டுக் கூரை மிஞ்சும் என்று கேட்டுத்தான் அப்பா அண்ணனைப் பள்ளிக்கு அனுப்புவார்.

பெரியவர்கள் காலை வீசி இறங்கிவிடுவார்கள், ஏறியும்விடுவார்கள். அண்ணனுக்கு ஏற ஒரு கல் வேண்டும், இறங்க ஒரு கல் வேண்டும். எங்கள் பக்கத்தில் மதகுச் சுவர் இருந்தது. அதில் ஒரு காலை வைத்து அவன் ஏறும்வரை நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்வேன். தெருமுனையில் குதிப்பான். பல நாள் வண்டி அவன்மேல் விழும். தெருவைத் தாண்டிய பிறகு, ஏற்றிவிட யாராவது வருவார்களா என்று காத்து நிற்பான். வகுப்புக்குத் தாமதம், வெளியே நிற்கச் சொல்வார்கள்.

ஒருநாள் இரண்டு முட்டியும் சிராய்த்து வந்தான். நான்தான் சொன்னேன்: "வாய்க்கா கரையோட போயேன் அண்ணே. அங்க யாரு எறங்கச் சொல்லப் போறா?"

"ஒனக்கு மூள இருக்குடி," என்று சிரித்தான்.

ஐப்பசி மாதம். நாலு நாள் மழை ஊறிய களிமண் கரை. சக்கரம் வழுக்கிய இடத்தில் காலை ஊன்றியிருந்தால் வண்டி நின்றிருக்கும். அவனை மறுநாள் கீழ் மதகில் கண்டெடுத்தார்கள். வண்டியைத் தூக்கியபோது பெடலில் கட்டைகள் இரண்டும் அசையாமல் இருந்தன. அப்பா கட்டிய கட்டு அவ்வளவு இறுக்கம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் என்று என்னைச் சொல்கிறார்கள். எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் எனக்கு முன்னால் அந்த இடத்தில் நாலு மாதம் அவன் இருந்தான். இன்றும் எனக்குப் பின்னால் சைக்கிள் சங்கிலி ஓடும் சத்தம் கேட்டால் நான் ஓரம் ஒதுங்குவதில்லை. கேரியரைப் பிடிக்கக் கை தானாக நீள்கிறது. வகுப்பில் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பெயரைக் கூப்பிட்ட பிறகும், இன்னொரு "உள்ளேன்" வரும் என்பதுபோலக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது.

கடையில் தங்கையை இருபத்திரண்டில் ஏற்றி உட்காரவைத்தேன். கால்கள் அந்தரத்தில் ஆடின. இறக்கினேன். மூலையில் தூசி படிந்து ஒரு பதினெட்டு அங்குல வண்டி நின்றது. குறுக்குக் கம்பி இல்லாதது. அதில் உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் குதிகாலோடு தரையில் படிந்தன. குனிந்து, குதிகாலுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை.

"இதைக் கொடுங்க," என்றேன்.

அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "ரெண்டு வருசத்துல சின்னதாப் போயிடும் ஆயி."

"போகட்டும்ப்பா. அப்ப வேற வாங்குவோம்."

"அவனுக்கு மட்டும் அப்பவே இப்படி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

பதின்மூன்று வருடம் சொல்லாததை அந்தக் கடை வாசலில், பஸ் சத்தத்துக்கு நடுவில் சொன்னேன். "கரையோட போகச் சொன்னது நான்தான்ப்பா."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியும். போறப்ப அவனே சொன்னான். நான் வேணாங்கல," என்றார். பிறகு, "கட்ட கட்டுனவன் நான்," என்றார். சைக்கிளைத் தோளில் தூக்கி பஸ் மேல் ஏற்றியது அவர்தான்.

மே மாதம் முழுவதும் நெல் அடிக்கும் களத்தில் பழக்கம். ஓட்டுவதை அவளே கற்றுக்கொண்டாள். நான் கற்றுக்கொடுத்தது நிறுத்துவதை மட்டும். "நில்லு" என்று கத்துவேன்; பிரேக்கைப் பிடித்து இரண்டு காலையும் ஊன்றவேண்டும். ஒரு காலையில் முப்பது தடவையாவது கத்தியிருப்பேன்.

"யக்கா, சைக்கிள ஓட்ட வாங்குனியா, நிக்க வாங்குனியா?" என்று கேட்டாள்.

கரைப் பக்கம் போகமாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். தெருவைப் பற்றி அப்பா சொன்னார்: "எறங்கித் தள்ளச் சொல்லு. இப்பல்லாம் யாரும் அவ்வளவா கேக்கறதில்ல. இருந்தாலும்..." அவர் இன்றும் அங்கே இறங்குகிறார். இறங்கு என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறங்காதே என்று சொல்லத் தைரியமும் இல்லை. ஒன்றும் சொல்லாமலே கும்பகோணத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் பள்ளிக்குக் கிளம்பி வந்துவிட்டேன்.

பள்ளி திறந்த அதே வாரம் ஆற்றில் தண்ணீர் விட்டார்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்கள் ஊர் வாய்க்கால் கரைமட்டத்துக்கு வந்திருக்கும் என்று தோன்றும். சாக்குக்கட்டி நின்றுவிடும். ஐந்தாம் நாள் அவளுடைய அஞ்சலட்டை வந்தது.

"அன்புள்ள அக்கா, நான் கரையில் போகவில்லை. முதல் நாள் தெருவில் ஒரு பெரியவர் ஏய் புள்ள எறங்கு என்று கத்தினார். நீ சொன்ன மாதிரி பிரேக் பிடித்து இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. நின்னுட்டேன் தாத்தா, என்ன வேணும் என்று கேட்டேன். யார் வீட்டுப் புள்ள என்றார். டீச்சர் தங்கச்சி என்றேன். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. நான் மிதித்துப் போய்விட்டேன். மறுநாள் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், கூப்பிடவில்லை. அப்பாவிடம் சொல்லாதே."

அந்தத் தெருக்காரர்களைத் தாத்தா என்று எங்களில் யாரும் கூப்பிட்டதில்லை. சிரிப்பு வந்தது. பிறகு அட்டையை மறுபடி முதலிலிருந்து படித்தேன். அந்தப் பெரியவர் சும்மா இருந்தார். அவருடைய மகன்கள் சும்மா இருப்பார்களா? பதினொரு வயதுப் பிள்ளை ஒவ்வொரு நாளும் அங்கே தனியாக நிற்கவேண்டுமா?

அந்தத் தெருவின் நடுவில்தான் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளி இருக்கிறது. ஓர் ஆசிரியர் இடம் காலி என்று அம்மா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காதில் வாங்கியதில்லை. அந்த வாய்க்காலிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் வேலை கேட்டு வாங்கியவள் நான்.

அட்டை வந்த அன்றே அந்த இடத்துக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். அடுத்த நாள் காலை, பள்ளி மணி அடிப்பதற்கு முன், பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.