எரிய மட்டும் தெரிந்த வால்வு

வீட்டில் வால்வு அம்ப்ளிபயர் வைத்திருக்கும் ஆண்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் நீளம்தான். மாத்தளைப் பக்கத்தில் அப்படி ஒரு பெட்டி வைத்திருப்பவர்கள், எனக்குத் தெரிந்து, இரண்டே பேர். ஒருவன் நான், பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவு. மற்றவர் டவுனில் மிளகும் கராம்பும் மொத்தமாக வாங்கி விற்கும் முஸ்லிம் அண்ணன், ஊருக்கே நானா. பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை தோறும் நாங்கள் கூடுவோம். ஒரு மாதம் அவருடைய கடை மாடி, மறு மாதம் உக்குவளையில் என் வீடு. பாட்டுக் கேட்கக் கூடுகிறோம் என்று வீட்டில் சொல்வது மரியாதைக்கு. பாதி நேரம் பெருமையடிப்பதிலேயே போய்விடும்.

அந்தப் பெருமைக்கு மூலஸ்தானம் ரெக்டிபயர் வால்வு. சுவரிலிருந்து வரும் மின்சாரம் முன்னும் பின்னுமாக அலைவது. அம்ப்ளிபயருக்கோ ஒரே பக்கமாக ஓடுகிற மின்சாரம் வேண்டும். அலைவதைப் பிடித்து ஒரு பக்கம் ஓட விடுகிற வேலையை, மிளகுமணி அளவு டயோட் இரண்டு, சத்தமில்லாமல் செய்துவிடும். அதைச் சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறத்தில் எரிகிற, தொட்டால் சுடுகிற, கடல் கடந்து வருகிற கண்ணாடிக் குழாய்தான் எங்களுக்கு வேண்டும். அது மெல்லச் சூடேறி மின்சாரத்தை மெல்ல விடும்; மற்ற வால்வுகளுக்கு அது நல்லது. இவ்வளவும் உண்மை. அதனால் பாடுகிறவரின் தொண்டையில் நெய் இறங்குகிறது என்பது நாங்களாகச் சேர்த்தது.

என் வால்வை நானேதான் கொன்றேன். பாட்டுக்குப் பின்னால் மெல்லிய ஒரு முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. அதை அடக்க, வால்வுக்கு அடுத்தாற்போல் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டென்சரைக் கழற்றிவிட்டு நாலு மடங்கு பெரியதாக ஒன்றை ஈயத்தால் பற்றவைத்தேன். ரெக்டிபயர் வால்வால் சின்ன வாளியைத்தான் நிரப்ப முடியும். நான் தண்ணீர்த் தாங்கியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். சுவிட்சைப் போட்ட கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்குள் நீலமாக ஒரு மின்னல். முனகல் நின்றது, பாட்டும் நின்றது. வேடிக்கை என்னவென்றால் வால்வு மட்டும் பழையபடி எரிந்துகொண்டிருந்தது. மின்சாரத்தைக் கடத்துகிற தகடு உள்ளே அறுந்துவிட்டது. சூடேற்றும் கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத ஆட்களை நான் கந்தோரில் பார்த்திருக்கிறேன், இவ்வளவு பிரகாசமாகப் பார்த்ததில்லை.

நாலு நாளில் போயா, அதுவும் என் வீட்டு முறை. பழைய கண்டென்சரைத் திரும்பப் போட்டு, பெட்டியைக் கவிழ்த்து, வால்வுக் குழிக்கு அடியில் டயோட் இரண்டைப் பற்றவைத்தேன். வோல்டேஜ் கூடிவிடாமல் ஒரு ரெசிஸ்டரும் வைத்தேன். செத்த வால்வை மேலே அலங்காரத்துக்குச் செருகினேன். பார்த்துக்கொண்டிருந்த மனைவி டீச்சர். பிழை திருத்தாமல் அவரால் இருக்க முடியாது.

"எரிஞ்சா மட்டும் போதும்னா, திருவிழா பல்பு ஒண்ண மாட்டிட்டு போங்களேன். செலவு கொறைவு."

டயோட்டில் ஒரு சிக்கல் உண்டு. வால்வு போல மெல்ல மெல்லச் சூடாகாது, பாட்டுச் சீக்கிரமே வந்துவிடும். விஷயம் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் போயாவன்று சத்தக் குமிழை மூடிப் பிடித்துக்கொண்டு, "சூடாகட்டும் நானா" என்று மனதுக்குள் இருபது எண்ணினேன். இந்த வித்தையைக் கற்றதே அவரிடம்தான். தன் பெட்டியைப் போடும்போது அவரும் கண்ணை மூடி, குமிழில் கை வைத்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். வால்வுக்கு அவர் காட்டும் பக்தி என்று நினைத்திருந்தேன்.

அன்று கேட்டு முடித்ததும் நானா பெருமூச்சு விட்டார். "ஒங்கட வால்வு வேற ஜாதி சேர். டயோட்டுல இந்தச் சத்தம் வருமா?"

வெட்கப்பட வேண்டிய இடம். நான் பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டு, வரவே வராது என்றேன்.

இப்படியே சில போயாக்கள் ஓடின. கடைசியாக வந்தபோது நானா தன்னுடைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்கக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் மூன்றாவது பாட்டில் ஒரு கீறல். சரணத்தில் ஊசி ஒரே சொல்லை மூன்று தடவை துள்ளித் துள்ளிப் பாடிவிட்டு அப்புறம்தான் நகரும். என் மனைவிக்கு அந்தப் பாட்டுத்தான் பிடித்தது.

அடுத்த போயாவுக்கு முதல் நாள் மாலை நானா முகம் வெளிறிப்போய் வந்தார்.

"சேர், என்ட ரெக்டிபயர் எரியுதில்ல. கம்பி போயிட்டு. நாளைக்கி கண்டியில இருந்து மூணு பேர் வாராங்க, இந்த வால்வு மெஷினப் பாக்கத்தான் வாராங்க. நானும் ஊரெல்லாம் பேசி வச்சிட்டன். ஒங்கடத ஒரு நாளைக்கித் தாங்க."

சொல்லியிருக்க வேண்டும். இது செத்துப்போனது நானா, இத்தனை மாதமும் உங்களுக்கு டயோட்டைத்தான் கேட்கவைத்தேன் என்று. நீளமான வாய் அந்த நேரம் பார்த்து ஒட்டிக்கொண்டது. வால்வைக் கழற்றி, துணியில் சுற்றிக் கொடுத்தேன். பிறந்த பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

"மூணு பேருக்கு முன்னால அந்த மனுசன் ஊமப்பெட்டியோட நிக்கப் போறாரு. போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க" என்றார் மனைவி.

கந்தோரில் எனக்கு வணக்கம் சொல்ல ஐம்பது பேர் இருக்கிறார்கள். சிநேகிதர் என்று சொல்ல இந்த ஊரில் நானா ஒருவர்தான். அவரைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டு அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

காலையில் ஈயம் பற்றவைக்கும் கோலையும் இரண்டு டயோட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். விருந்தாளிகள் வருமுன் காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டு, பெட்டியைப் பாடவும் வைத்துவிடலாம் என்பது திட்டம். வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கி, பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்றது. கடையடிக்குப் போனபோது படிக்கட்டின் கீழே மூன்று சோடி புதுச் சப்பாத்துகள்.

மாடியில் பாட்டு ஜோராகப் போய்க்கொண்டிருந்தது.

பாதிப் படியில் நின்றுவிட்டேன். அந்த வால்வு வழியாக ஒரு சொட்டு மின்சாரம் போகாது. எட்டிப் பார்த்தேன். என் வால்வுதான், நானாவின் பெட்டி மேல் எரிந்துகொண்டிருந்தது. அப்படியானால் இந்தப் பெட்டிக்கு அடியிலும் இரண்டு மிளகுமணி இருக்கிறது. கண்ணை மூடி முணுமுணுத்தது பக்தியல்ல, இருபது எண்ணியிருக்கிறார்! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது கோபம்தான். எத்தனை போயா இந்த மனுஷன் என்னை ஏமாற்றியிருக்கிறார்!

"வாங்க சேர்! இது சேர்ட வால்வுதான். இதப் போட்ட பொறகுதான் சத்தத்துக்கு ஒரு உசிர் வந்திச்சி" என்றார் நானா, கண்ணிமைக்காமல்.

கண்டிக்காரர்கள் மூவரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். டயோட்டுக்கும் வால்வுக்கும் என்ன வித்தியாசம் கேட்கும் என்றார் ஒருவர். நான் உட்கார்ந்து, நெய்யில் தொடங்கி, பத்து நிமிடம் விளக்கினேன்.

அப்போது என் போன் அடித்தது. அதன் காதுப்பக்கம் கெட்டு ஆறு மாதம். யார் பேசினாலும் ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கும். மனைவிதான்.

"என்னங்க, சொல்லிட்டீங்களா இல்லையா?"

அவர் குரலுக்குப் பின்னால், வால்வு இல்லாத என் வீட்டு அம்ப்ளிபயரில், பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. சரணத்துக்கு வந்தது. ஒரே சொல்லை மூன்று தடவை துள்ளிவிட்டு நகர்ந்தது.

நானாவின் தலை நிமிர்ந்தது. தன்னுடைய தட்டின் கீறல் அவருக்குத் தெரியாதா? போனைப் பார்த்தார். தன் பெட்டி மேல் எரிகிற என் வால்வைப் பார்த்தார். என் பையிலிருந்து தொங்கிய பற்றவைக்கும் கோலின் வயரைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் மெல்ல எழுந்து வந்து, என் கையிலிருந்த போனுக்குக் குனிந்தார்.

"சொல்லிட்டாரு தங்கச்சி, எல்லாம் சொல்லிட்டாரு. ஊட்டுலயும் சத்தம் நல்லாத்தான் இரிக்கி."

அடுத்த போயா என் வீட்டில். வால்வைத் திருப்பிக் கொண்டுவந்து, அவரே குழியில் செருகினார். சுவிட்சைப் போட்டேன். குமிழை மூடிப் பிடித்தபடி இரண்டு பேரும் வாய்விட்டு இருபது எண்ணினோம்.