வெள்ளை வரும் வரை

மகள் பத்தாம் வகுப்பு. நிகழ்தகவுப் பாடத்துக்கு நாணயம் சுண்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இவள் சுண்டிய காசு பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டது. தாயம் ஆடும் புளியங்கொட்டை ஒன்றை எடுத்து வந்தாள், ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கியது. நானும் உட்கார்ந்து உருட்டினேன். கறுப்பாகவே விழுந்துகொண்டிருந்தது.

"அடுத்தது வெள்ளைதான் பாரு" என்றேன்.

"முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு கொட்டைக்குத் தெரியாதும்மா. ஆனா விடாம உருட்டுனா எப்பயாச்சும் வெள்ளை வரத்தான் செய்யும்."

வெள்ளை விழுந்த பிறகுதான் எழுந்தேன். எனக்கு அப்படியொரு வீம்பு.

அந்த வாரமே என் வீட்டுக்காரருக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்தால் பிழைப்பதும் பிழைக்காததும் சரிபாதி, செய்யாவிட்டால் கொஞ்ச காலம் இருப்பார் என்றார் மதுரை டாக்டர். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் ஊர் திரும்புவதிலேயே குறியாக இருந்தார்.

"குலசாமிகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார் நாத்தனார்.

கோயிலில் சாமி முன்னால் ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்க வேண்டியவள் என் மகள்.

சிவப்பு வந்தது. "சாமிக்கு ஏதோ கோவம், இன்னொருக்கா எடு ஆத்தா" என்றார் நாத்தனார். கட்டிக் கலைத்துப் போட்டார்கள். மறுபடியும் சிவப்பு. சூடம் காட்டிவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். வெள்ளை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். மகள் என்னைப் பார்த்தாள். நான் சாமியைப் பார்த்தேன்.

ஆபரேஷனுக்குப் போனவர் கண் விழிக்கவே இல்லை.

கருமாதி அன்று வந்தவர்களிடம் நாத்தனார் சொல்லிக்கொண்டிருந்தார்: "சாமி மொதல்லயே வேணாம்னுதான் சொல்லுச்சு. அந்தக் கடைசிப் பூவுதான் ஏமாத்திருச்சு."

அதன் பிறகு மகள் வலது கையை மடியில் மறைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். சோற்றைக்கூட ஸ்பூனால்தான் தின்றாள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. தட்டு கழுவினேன், துணி மடித்தேன். ஸ்பூனையும் சேர்த்துத்தான் கழுவினேன்.

ஒரு நாள் அவளே கேட்டாள். "மூணாவதும் செகப்பா வந்திருந்தா என்னம்மா செஞ்சிருப்பீக?"

"நாலாவது எடுக்கச் சொல்லிருப்போம்."

"அதுவும் செகப்புன்னா?"

"வெள்ளை வர்ற வரைக்கும் எடுக்கச் சொல்லிருப்போம். எங்களுக்கு அவரு வேணும்ல."

"அப்ப ஏங் கை ஒண்ணும் செய்யலையா?"

"இல்லடி."

அந்தக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குத்தான் இன்னும் அழுகை வரவில்லை.