சூசைமுத்து போட்ட மார்க்கு

எங்கள் ஊரின் ஒரே பி.ஏ. நான்தான். யாரும் கேட்காமலே இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

1946 மார்கழியில் ஒலக்கூர் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் பட்டத்தோடு வந்தபோது மல்லாட்டை என்கிற நிலக்கடலை அறுவடை. படித்தவன் வேலையை மறந்துவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மூன்று நாள் குந்தியபடியே பிடுங்கினேன்.

“காலை மாத்தி மாத்திக் குந்துண்ணா, செலையாட்டம் இருக்கற” என்றாள் தங்கை அம்சா.

அவள் பேச்சைக் கேட்டால் பி.ஏ. என்ன ஆவது? நான்காம் நாள் வலது பாதம் மேலே எழவில்லை. எட்டுவைத்தால் தொப்பென்று விழுந்தது. விழுப்புரத்தில் குமாஸ்தா வேலைக்கு உத்தரவு வந்திருந்த சமயம். தை இருபதாம் தேதி டாக்டர் முன்னால் நடந்து காட்டினால்தான் வேலை.

அப்படித்தான் திண்டிவனத்துத் தர்ம வைத்தியசாலையில் சூசைமுத்துவிடம் போய்ச் சேர்ந்தேன். அவரும் என்னைப்போலக் கூலிக்காரர் பிள்ளை; படிப்பு நாலாம் வகுப்பு. சண்டைக்காலத்தில் பூனா ராணுவ ஆஸ்பத்திரியில் வார்டு ஆளாக இருந்தவர். எந்தத் தசைக்கு எவ்வளவு பலம் என்று வெறும் கையால் அழுத்திப் பார்த்து, பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை மார்க்குப் போட அங்கே ஒரு வெள்ளைக்கார நர்ஸம்மா பழக்கினார். வீட்டில் கோழியைப் பிடித்தாலும் காலை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் விடுவார் என்பாள் அவர் மனைவி ஞானமேரி.

மார்க்கு என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. அது என் சொந்த ஊர் மாதிரி.

முதலில் நல்ல காலைப் பார்த்தார். “ஒனக்கு அளவு ஒன் நல்ல காலுதான்.” பிறகு வலது காலைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் தூக்கச் சொன்னார். முக்கினேன். தொடை எழும்பியது, பாதமும் எழும்பினாற்போல் இருந்தது. பெருமையாக அவரைப் பார்த்தேன்.

“இது தொடை எழுதற பரீட்சையில்ல தம்பி. காப்பியடிக்காத.”

தொடையை அமுக்கிக்கொண்டு கணுக்காலின் முன்பக்கம் விரல் வைத்தார். “உள்ள லேசாத் துடிக்கிது. பாதம் அசையல. ஒண்ணு.”

“அஞ்சுக்கா?”

“அஞ்சுக்குத்தான்.”

“பாஸ் எத்தினிண்ணே?”

“பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. இருக்கறது இருக்குது.”

பாதம் தொங்காமல் மட்டை வைத்துக் கட்டினார். வாராவாரம் போனேன். ஒருக்களித்துப் படுத்தபடி பாதம் அசைந்தபோது இரண்டு. டாக்டர் பரீட்சைக்கு முந்தின நாள், உட்கார்ந்தபடியே தூக்கினேன். ஆனால் இரண்டு விரலால் அவர் அழுத்தியதும் பாதம் படுத்துவிட்டது.

“மூணு.”

“அஞ்சுன்னு போட்டுக் குடுங்கண்ணே. வேலை போயிடும். டாக்டரு ஒங்க சீட்டைத்தான் நம்புவாராம்.”

“அதனாலதான் போடமாட்டேன். பூனாவுல ஒரு சிப்பாயி வீட்டுக்குப் போவணும்னு அழுதான். மனசு கேக்காம மூணை நாலாக்கிட்டேன். ரயில் ஏறறப்போ கால் மடங்கி, இடுப்பு ஒடைஞ்சி எங்கிட்டயே திரும்பி வந்தான். அதோட சரி.”

மறுநாள் விழுப்புரம் ரயிலில் சீட்டைப் பிரித்தேன். சட்டைப்பையில் பேனா இருந்தது. ‘3’ஐ ‘5’ ஆக்க எவ்வளவு நேரம் ஆகும்? மனுஷர் எண்ணே போடவில்லை. ஒவ்வொரு வாரத் தேதிக்கும் எதிரே, நாலாம் வகுப்புக் கையெழுத்தில், ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, மூணு என்று எழுத்தாலேயே எழுதியிருந்தார். பி.ஏ.க்களை முன்பே பார்த்தவர் போலிருக்கிறது.

டாக்டர் சீட்டைப் படித்தார். என்னை நடக்கவிட்டுப் பார்த்தார்.

“மார்க்கு ஏறிக்கினுதான் வருது. மூணு வாரம் தவணை எழுதித் தர்றேன். இதுல அஞ்சுன்னு இருந்து நீங்க இப்பிடி நடந்திருந்தா, இனிமே தேறாதுன்னு ஒங்க வேலை இன்னியோட முடிஞ்சிருக்கும்.”

மாசியில் தேறி வேலையில் சேர்ந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழச் சீப்போடு திண்டிவனம் போனேன்.

“வேலைதான் கெடைச்சிடுச்சே. இப்பவாவது அஞ்சு போடுங்கண்ணே.”

சீப்பை ஓரமாக வைத்துவிட்டு, நல்ல காலை முதலில் பார்த்தார். பிறகு வலது பாதத்தை அழுத்தினார்.

“நாலு” என்றார்.