பாலவனத்தத்தில் இறங்கியவள்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வந்த பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் மெலிந்த ஒரு பெண் மடியில் லேப்டாப்போடு இருந்தாள். ஒவ்வொரு முறை விசையைத் தட்டும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவசரத்துக்கு ரத்தம் கேட்பவர்களுக்கான இணையதளத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாளாம்.

“அக்கா, உங்க போன்ல இதத் திறங்களேன். வருதா?”

வந்தது. மறுபடி திறந்தேன். வெறும் வெள்ளை.

“கண்டெய்னர்னு ஒரே மென்பொருள் பெட்டிக்குள்ள நாலு சர்வர் ஓடுதுக்கா. முன்னால இருக்க பிராக்ஸி வர்றவுகளப் பிரிச்சு விடும். ரெண்டு சர்வர் விழுந்துருச்சு. அது தெரியாம அங்கயும் ஆள அனுப்பிக்கிட்டே இருக்கு.”

“மொத்தமா நிறுத்திட்டு மறுபடி ஓட்டலாம்ல?”

“இப்ப ரத்தம் கேட்டுப் பதிஞ்சுக்கிட்டு இருக்கவுக பாதியில அறுந்துபோவாகளே!”

அதற்குள் அவளுக்குச் சிக்னல் போய்விட்டது. பாலவனத்தத்தில் சிக்னல் திரும்பியதும், “மறுபடி சிக்னல் போறதுக்குள்ள சரி பண்ணணும், இறங்குறேன்க்கா” என்று இறங்கிவிட்டாள். கொளுத்தும் வெயிலில் துப்பட்டாவை லேப்டாப்புக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு சாலையோரத்திலேயே உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது.

பதற்றத்தோடு நான் அந்தத் தளத்தைத் திறந்துகொண்டே வந்தேன். அருப்புக்கோட்டை நெருங்கும்போது, திறக்கும்போதெல்லாம் பக்கம் வந்தது.

இப்போதும் சில நாள் அதைத் திறந்து பார்க்கிறேன். எனக்கு ரத்தம் தேவையில்லை. அவள் நன்றாக இருக்கிறாளா என்று பார்க்க எனக்கு வேறு வழியில்லை.